தழும்பு விடும் மருந்து

தோலை வளர்க்கும் அந்த இரண்டு பெப்டைடு மருந்துகளுமே சோதனைக் கட்டத்தில் இருந்தன. சாய மில்லின் ஆஸ்பத்திரியில், வசந்தாமணியின் வெந்த கைகளில் கட்டைப் பிரித்தபடியே, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆசையாக விளக்கினேன்.

“மொதல் மருந்து, அவசரமா சுவர் பூசுற மாதிரிம்மா. புண்ணு சீக்கிரம் மூடிடும், விரலும் நல்லா மடங்கும். ஆனா தழும்பு நிக்கும். ரெண்டாவது மருந்து, பழைய தோல் எப்படி இருந்துச்சோ அதே வரிசையில திரும்ப அடுக்கும். ரேகைகூட வந்துரும்! முதலாளி உங்களுக்கு இதைத்தான் போடச் சொல்லியிருக்கார்.”

“ஏனுங் டாக்டர், பாய்லர் வெடிச்சப்ப என்கூட நின்ன நாலு பேருக்கும் இதையேதான் போட்டீங்களா?”

“ஆமா. உங்க புண்ணு ஆழம், அதான் இத்தனை மாசம் ஆயிருச்சு. இப்ப அவங்க கையைப் பார்த்தா, வெந்த கைன்னு நம்பவே முடியாது.”

“கோர்ட்டும் நம்பலீங்க. காயம் எங்கேன்னு கேட்டு அவங்க நஷ்டஈட்டுக் கேஸைத் தள்ளிட்டாங்க. பாய்லர் வெடிக்கவே இல்லைன்னு மொதலாளி சாதிக்கிறாரு. இனி என்ற கேஸு ஒண்ணுதான் பாக்கி.”

கையிலிருந்த மருந்துக் குப்பியைத் திருப்பிப் பார்த்தேன்.

“மொதல் மருந்தையே போடுங்க” என்றாள்.

“தழும்பு ஆயுசுக்கும் போகாதும்மா.”

“போக வேண்டாமுங்க. கேஸு முடிஞ்ச பொறவும் சம்பளம் வாங்க இந்தக் கையைத்தான் அவரு முன்னால நீட்டுவேன்.”

முதலாளி சொன்ன மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதை ஊசியில் ஏற்றினேன்.

“கொஞ்சம் தாராளமாப் போடுங்க டாக்டர். ஜட்ஜய்யாவுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியோணும்.”