தினம் ஒரு கல்யாணம்

இந்தோனேசியாவின் துலுங்காகுங் ஊர்ப் பளிங்குப் பட்டறையில் கல்லறுக்கும் சுகிமனுக்கு அன்று கடைசி வேலைநாள். காலையில் வழக்கம்போலக் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, வாசலில் இருக்கும் காப்பிக்கடை ரத்மியிடம் கொடுத்தார்.

"போய்யா, சாயங்காலம் வரைக்கும் நீ பிரம்மச்சாரி!" என்று சிரித்தாள் ரத்மி.

புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி ஹெந்த்ரோவுக்குப் பொறுக்கவில்லை. சுகிமன் சட்டைக் கையை மடித்து, ரம்பம் சூடாகாமல் இருக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அதை அதன் தண்டவாளத்தில் மெல்லத் தள்ளி ஒரு கற்பலகையை அறுத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மெஷின்கிட்ட மோதிரம் கூடாது, சரி. அதுக்காகக் கண்ட பொம்பளகிட்டயா குடுக்கறது? உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா தெரியும் சார்."

"ஒண்ணும் சொல்லலயா?"

"சொல்லாம இருப்பாளா? தெனம் திட்டுதான்."

மாலையில் ரத்மி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, மோதிரத்தைத் தானே அவர் விரலில் போட்டுவிட்டாள். ஹெந்த்ரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெனம் சாயங்காலம் ஒரு கல்யாணம்," என்றாள் ரத்மி. "நாளையிலேருந்து அதுவும் இல்ல."

"யாரு சொன்னா? நம்ம கடைப் பாத்திரத்த இனிமே புருஷன்தான் கழுவணும்னு நீதானே சொன்ன? மோதிரத்தக் கழட்டாம எப்படிடீ கழுவறது?"