சிறுக்காத கட்டு

"ஆடாதீங்கப்பா. இன்னும் ஒரே ஒரு பிளாஸ்திரிதான்."

மகள் பின்னால் நின்று ஒட்டிக்கொண்டிருந்தாள். சர்வேயர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, முதுகை அவளிடமும் காதை அவள் மூச்சிலும் வைத்திருந்தார். பெருமூச்சு ஏதாவது விடுகிறாளா?

"எப்படி இருக்கு?"

"நல்லா ஆறிட்டு வருதுப்பா."

"ஆறிட்டு வருதுன்னா? கால்வாசியா, அரைவாசியா?"

"ஐயோ, இது என்ன நிலமா, அளந்து சொல்ல? ஆறிட்டு வருது, அவ்வளவுதான்."

முப்பத்து நாலு வருஷம் வெயிலில் நின்று அடுத்தவர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவர் அவர். அளக்காமல் எதையும் நம்ப மாட்டார். அந்த வெயிலின் வேலையோ என்னவோ, வலது தோள்பட்டைக்குப் பின்னால் இருந்த மச்சம் நிறம் மாறியது. தோல் புற்று என்றார்கள். மூன்று மாதத்துக்கு முன் சுற்றுச் சதையோடு வெட்டியெடுத்தார்கள். மனைவி போனபிறகு தனியாக இருந்தவருக்குக் கட்டுப் போட ஆள் வேண்டுமே என்று, புகுந்த வீட்டிலிருந்து மகள் ஓடிவந்தாள்.

சந்தேகம் அந்தக் கட்டில்தான் ஆரம்பித்தது. மருத்துவமனையில் முதன்முதலில் ஒட்டியது அவர் உள்ளங்கை அகலம். இடது கையை வளைத்துத் தடவிப் பார்த்தால், இன்றைக்கும் அதே உள்ளங்கை அகலம். புண் சிறுத்தால் கட்டும் சிறுக்க வேண்டாமா?

வலியும் இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. உள்ளே உணர்ச்சியே செத்துப்போச்சோ?

"போன மாசம் டாக்டர் பார்த்தப்புறம் என்னை வெளிய பெஞ்சுல உட்கார வச்சியே, உள்ள நர்ஸோட என்ன பேசினே?"

"கட்டுத்துணி வாங்கினேன்பா."

"கட்டுத்துணி வாங்க கால் மணி நேரமா?"

 கத்தரிக்கோலை டப்பாவில் போட்டு மூடினாள். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு தரம் நழுவியது.

அன்று மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்தவர், சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலை வைத்தே மறுமுனையில் மாப்பிள்ளை என்று தெரிந்தது.

"இல்லைங்க... ஆறவே இல்லை. ரொம்ப ஆழம். எத்தனை நாள் ஆகும்னு டாக்டருக்கே தெரியலையாம். அப்பாவை இந்த நிலைமையில விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

அவர் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தார். அப்பனிடம் ஒரு பேச்சு, புருஷனிடம் ஒரு பேச்சு. இதில் எது நிஜம் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்? பெற்றவன் மனசு உடைந்துபோகும் என்று அவனிடம் மறைக்கலாம். கட்டினவனிடம் எதற்கு மறைக்கப்போகிறாள்?

சாயங்காலம் அவள் கண் சிவந்திருந்தது.

"என்னம்மா?"

"தூசி விழுந்துடுச்சுப்பா."

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. 

மறுநாள் காலை, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நேராக மருத்துவமனைக்குப் போய், கட்டுப் போடும் அறையில் நர்ஸ் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"என் பொண்ணு உங்ககிட்ட என்ன சத்தியம் வாங்கியிருந்தாலும் பரவாயில்லைம்மா. எனக்கு உள்ளதைச் சொல்லிடுங்க. திரும்ப வந்துடுச்சா?"

நர்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிளாஸ்திரியை ஓரத்தில் பிடித்து மெல்ல உரித்தாள். 

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"ஐயா, இந்தக் கட்டு எதுக்கு?"

"எதுக்குன்னா? புண்ணுக்குத்தான்."

"எந்தப் புண்ணு?" நர்ஸ் தன் போனில் ஒரு படம் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இளஞ்சிவப்பாக, வழவழவென்று, விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. "ஆறி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. புற்றும் இல்லை, ஒண்ணும் இல்லை. இனிமே கட்டே வேணாம்னு உங்க பொண்ணுகிட்ட அன்னைக்கே சொன்னேனே! அவங்கதான், இன்னும் கொஞ்ச நாள் போடட்டுமான்னு கால் மணி நேரம் என்னைக் கெஞ்சினாங்க."

துள்ளிக் குதித்திருக்க வேண்டியவர், இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. போன வருஷம் ஒருநாள் அவள் பெட்டியோடு வந்து நின்றாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். 'குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும்' என்று சொல்லி, மறுநாளே கையோடு கூட்டிக்கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் வழி முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மாமா, நாளைக்கு நான் வரேன். அவளைப் பெட்டி கட்டச் சொல்லுங்க. புண்ணு புண்ணுன்னு எத்தனை நாளைக்கு எனக்குத் தண்ணி காட்டுவா? இங்க வரட்டும், பேசிக்கிறேன்."

சர்வேயர் நர்ஸை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"வராதீங்க மாப்பிள்ளை. நர்ஸ் இப்பதான் பார்த்தாங்க. நான் நினைச்சதைவிட ஆழமா இருக்கு. அவ இனிமே என்கூடத்தான் இருக்கணும்."

போனை அணைத்துவிட்டு, நர்ஸ் பக்கம் முதுகைத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் பெரிசா ஒட்டிவிடும்மா."