திரை முழுக்க நீலம்

டிரோனின் கேமரா சூட்டைத்தான் பார்க்கும், கம்பியில் கரண்ட் ஓடினால்தான் பழுதான இடம் சிவப்பாகத் தெரியும் என்று உதவிப் பொறியாளர் தமயந்தி காலையிலிருந்து தொண்டை வறளச் சொல்லிவிட்டாள்.

"கம்பிகிட்ட எது போனாலும் லைனை ஆஃப் பண்ணணும்மா," என்றார் செயற்பொறியாளர் சபேசன். "நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அதான் முறை."

"ஏறப்போறது ஆள் இல்ல சார்."

"புது சாமான். ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

ஊருக்கே கரண்டை நிறுத்தினார்கள். டிரோனுக்கு மாலை போட்டார்கள். சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தைச் செருப்புக்காலால் நசுக்கினார்கள். பூசை முடிந்து, மாலையைக் கழற்றி, ஒருவழியாக அது பறந்தபோது கம்பிகள் எப்போதோ ஆறிப்போயிருந்தன. திரை முழுக்க நீலம். தீப்பொறி விழுகிறதென்று தலைமையாசிரியை புகார்மேல் புகாராகக் கொடுத்த பள்ளிக்கூடத்துக் கம்பியும் குளுகுளுவென்று நீலம்.

"பாத்தியா, ஒரு கோளாறும் இல்ல!" சபேசன் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். டிரோன் இறங்கியது.

கரண்ட் வந்தது. பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்த மைதானத்துக்கு மேலே ஏதோ சிர்ரென்று முனகத் தொடங்கியது.

"சார், இப்ப ஒரு தடவை விட்டுப் பாக்கலாம் சார்."

"இப்பவா?" சபேசன் பதறிப்போனார். "லைன்ல கரண்ட் இருக்கேம்மா!"