மறுநாள் பங்கு

மார்னியின் சமையலறையில் உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, காளான் மடிப்புகளில் ஒட்டியிருந்த பைன் மரச் சருகைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் கெய்லா. தண்ணீரில் கழுவினால் கொழகொழவென்று ஆகிவிடும் என்று மார்னி முதலிலேயே சொல்லியிருந்தாள்.

கைதான் வேலையில் இருந்தது. மனசு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும்.

"என்ன கெய்லா, அதுக்குப் பல்லு விளக்கிவிடறியா? பாத்து, கடிச்சிரப் போவுது!"

இன்னொரு கூடையைக் கொண்டுவந்து வைத்த பார்டெக் சிரித்தான். மார்னியின் புருஷன். கெய்லா முகம் சிவந்து குனிந்துகொண்டாள். பக்கத்து வீடுதான், இரண்டு வருஷப் பழக்கம்தான். ஆனாலும் அவன் எதிரில் பேச்சு வராது.

"வெயில் நல்லா இருக்கு, மேசையை வெளிய போடறேன். மார்னி, ஒரு தட்டு போதும்!" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனான்.

ஒரு தட்டு. கெய்லாவின் கேள்வியே அதுதான்.

ஓபரன் என்கிற அந்த மலையூரில் குளிர் எட்டிப் பார்த்ததும் சனிக்கிழமை தவறாமல் மார்னியும் பார்டெக்கும் கிளம்பிவிடுவார்கள். ஒரு வாரம் ஆப்பிள் தோட்டம், ஒரு வாரம் செஸ்ட்நட் கொட்டை பொறுக்க. திரும்பி வந்ததும் சேர்ந்தே சமையல், சேர்ந்தே சாப்பாடு. சுட்ட செஸ்ட்நட்டை உரித்து உரித்து ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிக்கொள்வதை, குழந்தைத் துணி காயப்போடும்போது வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கெய்லாவே பார்த்திருக்கிறாள்.

ஆனால் காளான் பறித்து வரும் நாளில் மட்டும் எல்லாமே மாறிவிடும். சுடச்சுட அவன் சாப்பிடுவான். ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவான். எதிரே மார்னி வெறும் சீஸ் டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். மறுநாள் மத்தியானம்தான் மிச்சம் இருப்பதைச் சூடு பண்ணி அவள் சாப்பிடுவாள்.

"பொண்டாட்டி தேடல அவன், வேலைக்காரி தேடியிருக்கான்" என்றான் கெய்லாவின் புருஷன் டேல். முதலில் அவள் நம்பவில்லை. மூன்று சனிக்கிழமை பார்த்த பிறகு நம்பாமல் இருக்க முடியவில்லை.

குழந்தை பிறந்த பிறகு கெய்லாவுக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே சிநேகிதி மார்னி. கேட்டு, அவள் முகம் சுளித்துவிட்டால் அந்த ஒன்றும் போய்விடும். கேட்காமல் இருந்தால், அவள் மிச்சம் மீதி தின்பதைப் பார்த்துக்கொண்டே எப்படி இருப்பது?

மார்னி வாணலியில் வெண்ணெயைப் போட்டாள். வெங்காயம் வதங்கியது. காளான் துண்டுகள் உள்ளே விழுந்ததும் வீடே மணத்தது.

"மார்னி... ஒண்ணு கேட்டா கோச்சுக்கமாட்டியே?"

"கேட்டாத்தானே தெரியும், கோவம் வருமா வராதான்னு."

"இல்ல... இவ்வளவு தூரம் போயி நீயும்தான் பறிக்கிற. நீதான் சமைக்கிற. அவன் கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டா என்ன? நாளைக்கு மிச்சத்தைத் தின்னணும்னு உனக்கு என்னடி தலையெழுத்து?"

மார்னி திரும்பிப் பார்த்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடிப்பாவி! இதை எத்தனை நாளா மனசுல வெச்சிருந்த?"

"போன மாசத்துலேர்ந்து."

"அது அவங்க போலந்து வீட்டு வழக்கம்டி. அவன் அம்மாவோட கிராமத்துல ஒரு குடும்பமே ஒரே பானையிலேர்ந்து சாப்பிட்டுப் படுத்துருச்சாம். ஒரே ஒரு காளான் தப்பா விழுந்திருக்கு. அந்த விஷம் உடனே தெரியாது. மறுநாள்தான் ஆளைத் தூக்கும். ஆஸ்பத்திரிக்குச் சொல்லக்கூட அந்த வீட்டுல ஒருத்தர் எழுந்திரிக்கல. அதுலேர்ந்து அவங்க வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிடமாட்டாங்க. ஒருத்தர் இன்னிக்கு, மத்தவங்க நாளைக்கு."

"இது நல்ல காளான்தானே? கீறினா ஆரஞ்சுப் பால் வருதே? ஊரே பறிக்குது!"

"அவனுக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து பறிக்கிறான், ஒரு தடவை தப்பு வந்ததில்ல. இருந்தாலும் பயம். ஒண்ணைச் சமைக்காம பேப்பர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வேற வெச்சிருவான், ஏதாவது ஆச்சுன்னா டாக்டர் கிட்ட காட்டறதுக்கு. 'சீட்டுக் குலுக்கிப் போடலாம், ஒரு வாரம் நான் முதல்ல சாப்பிடறேன்'னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கமாட்டேங்கறான். முதல் தட்டு எப்பவும் அவனுக்குத்தானாம்."

கெய்லா தலையைத் தூக்கவில்லை. ஏற்கெனவே சுத்தம் பண்ணிய காளானையே மறுபடி மறுபடி தேய்த்தாள். வேலைக்காரி தேடினவனாம்! டேல் மறுபடி அப்படிச் சொன்னபோது, 'ஆமாம், ஆமாம்' என்று கூடவே தலையாட்டியவள் அவள்தானே?

"தப்பா நெனச்சுட்டேன் மார்னி..."

"போடி, பைத்தியம்."

மார்னி அடுப்பைக் குறைத்தாள். ஜன்னல் வழியாக ஒரு தரம் வெளியே எட்டிப் பார்த்தாள். பார்டெக் மேசைக் காலுக்கு அடியில் கல் வைத்துக்கொண்டிருந்தான். சட்டென்று கரண்டியால் ஒரு பெரிய துண்டை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய்! நீ இன்னிக்குச் சாப்பிடக் கூடாதே!"

"உஸ்! கத்தாத." மென்று முழுங்கிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள் மார்னி. "எப்பவுமே இப்படித்தான். அவன் தட்டுல போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு. அவனுக்குத் தெரியாது."

"அவனுக்கு முன்னாடி நீ சோதிச்சுப் பாக்கறியா? விஷம் உடனே தெரியாதுன்னு இப்பத்தானே சொன்ன?"

"சோதிக்கவா சாப்பிடறேன், லூசு?" மார்னியின் குரல் தணிந்தது. "அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, போனைக் கையில வெச்சுக்கிட்டு இந்த வீட்டுல நான் மட்டும் தனியா மிஞ்சி நிக்கணுமா? என்னால—"

"மார்னி! தட்டு எங்க? பசி உயிர் போவுது!"