இறக்கத்தில் நியூட்ரல்

பிக்கப் உரிமையாளர்கள் குறைகேட்புக் கூட்டத்தில் முதலில் எழுந்து கத்தியது பொன்னுரங்கம்தான். "சீட்டையும் கண்ணாடியையும் வண்டி தானா மாத்திக்கறது இருக்கட்டும், மொதல்ல கியர்பாக்ஸைச் சரி பண்ணுங்க! அது பாட்டுக்கு நியூட்ரலுக்குப் போனா மனுசன் எப்படிங்க மலை இறங்கறது?"

பக்கத்து நாற்காலியில் தங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன வருடம் பொன்னுரங்கம் விற்ற வண்டியைத்தான் அவள் கணவன் ஓட்டினான். கொல்லிமலை இறக்கத்தில் அது தானாக நியூட்ரலுக்குப் போய், என்ஜின் பிடி விட்டு, பலாப்பழ லோடோடு வளைவுச் சுவரில் மோதியது. அவன் இன்னும் எழுந்து நடக்கவில்லை. அவளுக்காக நியாயம் கேட்கத்தான் பொன்னுரங்கம் வந்திருந்தார்.

வண்டிக் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் கையிலிருந்த திரையில் அந்த வண்டியின் பதிவைப் பார்த்தாள். "பழுது இல்லைங்க சார். ஓட்டறவரைப் பார்த்துத் தானா கத்துக்கற வண்டி இது. முதல்ல ஓட்டினவர்கிட்ட படிச்சதைத்தான் இப்பவும் செய்யுது. ஆறு வருசம் ஒவ்வொரு இறக்கத்திலயும் டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல் போட்டிருக்காங்க."

விற்கும்போது, "மைலேஜ் அள்ளிக் குடுக்கும்மா" என்று தங்காயியிடம் பெருமையடித்தது பொன்னுரங்கத்துக்கு நினைவு வந்தது. மெல்ல உட்காரப் பார்த்தார்.

தங்காயி விடவில்லை. சட்டென்று எழுந்து, "பொய் சொல்றாங்க! மொதல்ல ஓட்டினது இந்த அண்ணன்தான்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"பயப்படாமச் சொல்லுங்கண்ணா. நீங்க அப்படி ஓட்டுவீங்களா?"