இடை சிறுத்த வாசல்

சிறுத்த இடையே இந்தப் பருவத்தின் அழகு என்று முழங்கிய ஆடை நிறுவனம், ஒவ்வொரு பருவமும் செய்வதுபோலத் தன் தலைமையகத்தின் வாசல்கள் அனைத்தையும் அந்த வடிவத்துக்கே நண்பகலில் சுருக்கிக்கொண்டது. அளவு வரைந்து கொடுத்தவள் பொற்கொடி. துணிக்கடைப் பொம்மையை அளந்தவள், தன் ஆறு மாத வயிற்றை மறந்துபோனாள்.

மாலையில் வாசல் அவளை வெளியே விடவில்லை.

"பக்கவாட்டுல திரும்புங்கக்கா," என்றான் வெளியே நின்ற காவலாளி மரியதாஸ்.

"அப்படித் திரும்பினாத்தான் தம்பி இன்னும் பெரிசு. சுவரை இடிங்க."

"கட்டடம்தான் கம்பெனியோட முகமாம், கீறக்கூடாதாம். தையில தளர்வான மோஸ்தர் வருதாம்க்கா. பொறுத்துக்குங்க."

"எனக்குக் கார்த்திகையில பிரசவம்."

 பொற்கொடி திரும்பினாள். முந்தைய பருவங்களில் வேலையை விட்டுச் சென்றுவிட்டதாக நிறுவனம் அறிவித்திருந்த இரண்டு பெண்கள், கூடத்தின் இருளில், இடுப்பில் கைக்குழந்தைகளோடு அவளுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.