கடித்த பிறகு பதில்

"கல்யாணம் பண்ணிக்கலாமா எவுலாலியா? உனக்கும் துணையில்ல, எனக்கும் இல்ல."

கிறிஸ்துமஸ் மாலையில் இப்படிக் கேட்ட பக்கத்து வீட்டு ஃபெர்மின் முன்னால், பாதாமும் தேனும் கல்லாய் இறுகிய அலிகாந்தே துரோன் மிட்டாய்க் கட்டியை வைத்தாள் எவுலாலியா.

"முதல்ல இதைக் கடிங்க. அப்புறம்தான் பதில்," என்றாள், சால்வையால் வாயை மூடிச் சிரித்தபடி.

"எழுபது வயசுல பல்லைப் பார்க்கிறியே, நான் என்ன சந்தைக் குதிரையா?"

கடித்தார். மளுக்கென்று சத்தம். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடேயப்பா! கையை எடுங்க, பார்ப்போம்."

உள்ளங்கையை விரித்தார். துரோன் முழுசாக இருந்தது, பல்செட்தான் இரண்டாகியிருந்தது.

"நான் கெளம்புறேன்," என்று குழறினார்.

"எங்க கெளம்புறது? உக்காருங்க. பல்லு இருக்கிற மாப்பிள்ளை வந்தா என்னைக் கேலி பண்ணுவாரேன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன்."

எவுலாலியா சால்வையை இறக்கினாள். வாயில் ஒரு பல்கூட இல்லை.

"போன கிறிஸ்துமஸ்ல என் பல்செட்டை உடைச்சதும் இதே கட்டிதான்!"